பயிற்சி தருவதாகச் சொன்ன நிறுவனம் பின்வாங்கினால்: ஜார்ஜ் வாலர் வழக்கும் நம் ஊர்ப் பணி ஒப்பந்தமும்

இங்கிலாந்தில் ஓர் இளைஞர் ஜார்ஜ் வாலர் அண்டு சன் என்ற நிறுவனத்தோடு நான்கு ஆண்டுப் பயிற்சி ஒப்பந்தம் செய்துகொண்டார். பொறியியல் தொழில்நுட்பராகத் தேர்ச்சி பெறுவது அவருடைய நோக்கம். பயிற்சி முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தபோது நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது. அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 1970-இல் டென்னிங் பிரபு தலைமையிலான அமர்வில் முடிவுக்கு வந்தது.

ஒப்பந்தத்தை முறித்தது தவறு என்பதோடு இந்த வழக்கு நின்றிருந்தால் யாரும் இன்று அதை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அதை முக்கியமாக்கியது அடுத்த கேள்வி. பயிற்சியைப் பாதியில் இழந்தவருக்கு நிறுவனம் எதை, எவ்வளவு ஈடு செய்ய வேண்டும்? பாக்கிச் சம்பளத்தை மட்டுமா, அல்லது கற்றிருக்க வேண்டியதை இழந்ததற்கும் சேர்த்தா?

அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் இதற்கான விடை தொழிலாளிக்குச் சாதகமாக இல்லை. அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1909-இல் தீர்ப்பளித்த கிராமபோன் கம்பெனி வழக்கு குறுக்கே நின்றது. கல்கத்தாவில் அந்தக் கம்பெனியின் மேலாளராக இருந்தவர் ஆறு மாத முன்னறிவிப்பின் பேரில் நீக்கப்படலாம் என்பது ஒப்பந்தம். கம்பெனி அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, அந்த ஆறு மாதமும் அவரை வேலை செய்யவிடாமல் வேறொருவரை அந்த இடத்தில் அமர்த்தியது. அவருக்குச் சம்பளமும் தரகுத் தொகையும் கிடைக்கும், ஆனால் நீக்கிய விதத்தால் நேர்ந்த அவமானத்துக்கும், அடுத்த வேலை கிடைப்பதில் ஏற்பட்ட சிரமத்துக்கும் ஈடு கிடையாது என்று பிரபுக்கள் சொல்லிவிட்டார்கள். அந்த விதியை இளைஞரின் வழக்கில் அப்படியே பொருத்தினால், மீதிக் காலத்தின் சொற்பச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான்.

நீதிமன்றம் அந்த விதியைப் பொருத்தவில்லை. அமர்வில் இருந்த விட்ஜரி நீதிபதி, பயிற்சி ஒப்பந்தம் சாதாரண வேலை ஒப்பந்தத்திலிருந்து வேறுபட்டது என்று கூறி, அது பயிற்சி பெறுபவருக்கு உறுதி செய்யும் மூன்றைப் பிரித்துக் காட்டினார். பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் பணம் ஒன்று. வாழ்நாள் முழுவதும் பயன்படப்போகும் திறனைக் கற்றுக்கொடுப்பது இரண்டாவது. மூன்றாவது, தகுதிநிலை: நல்ல பெயருள்ள ஒரு நிறுவனத்தில் பயிற்சியை முழுமையாக முடித்தேன் என்று சான்றிதழைக் காட்டும் இளைஞருக்கு வேலைச் சந்தையில் நல்ல தொடக்கம் கிடைக்கிறது. அதை இழப்பது கணிசமான இழப்பு. மூன்றுக்கும் ஈடு உண்டு.

சட்ட மாணவர்கள் இதைப் பயிற்சி ஒப்பந்தத்துக்கான விதிவிலக்கு என்று படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். இந்தத் தீர்ப்பின் உண்மையான வலிமை வேறிடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். பயிற்சி என்பது நிறுவனம் மனம் கனிந்து கொடுக்கும் கொடை அல்ல, சம்பளத்தைப் போலவே வேலைக்கு ஈடாகக் கிடைக்க வேண்டிய ஒன்று, அதற்குத் தனி மதிப்பு உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. பயிற்சி பெறுபவர்கள் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிப்பதற்குக் காரணமே பயிற்சிதான். கொடுக்காமல் விட்ட சம்பளத்தின் மிச்சம் அந்தப் பயிற்சிக்குள் இருக்கிறது. சம்பளத்தை மட்டும் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றால், அந்த இளைஞர் குறைந்த கூலிக்கு உழைத்த காலமெல்லாம் நிறுவனத்துக்கு இலவசமாகப் போயிருக்கும்.

வழக்குக்குப் பிறகு

இந்தத் தீர்ப்பு தனித்து நிற்கவில்லை. 1996-இல் கூரைத் தகடு வேலை செய்யும் நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற்றவர் தொடர்ந்த வழக்கில், வேலை குறைந்துவிட்டது என்ற வழக்கமான ஆட்குறைப்புக் காரணத்தைக் காட்டிப் பயிற்சி ஒப்பந்தத்தை முடிக்க முடியாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் கூறியது. நிறுவனமே மூடப்பட்டால், அல்லது அதன் தொழிலின் அடிப்படைத் தன்மையே மாறிவிட்டால் அது வேறு விஷயம்.

ஸ்காட்லாந்தில் மார்லி எடர்னிட் நிறுவனத்தில் கூரை ஓடு வேயும் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்த ஒருவருக்கு 2016 ஜூனில் ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தது. அவருடைய பயிற்சி 2018 நவம்பர் வரை நீடித்திருக்க வேண்டும். வேறு இடத்தில் பயிற்சியைத் தொடரவும் அவருக்கு வழி கிடைக்கவில்லை. வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் 2017-இல் 25,000 பவுண்டு ஈடு வழங்கியது. ஒப்பந்த மீறலுக்கு அந்தத் தீர்ப்பாயம் அளிக்கக்கூடிய உச்சவரம்பே அவ்வளவுதான்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் எதிர்த்திசையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2009-ஆம் ஆண்டின் பயிற்சிச் சட்டம், தான் வகுத்த வடிவத்தில் எழுதப்படும் பயிற்சி உடன்படிக்கையைச் சாதாரண வேலை ஒப்பந்தமாகவே கருத வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஜார்ஜ் வாலர் வழக்கு தந்த சிறப்புப் பாதுகாப்பு அந்த வகை ஒப்பந்தங்களுக்குக் கிடைப்பதில்லை. கையெழுத்துப் போடும் தாள் எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே பட்டறையில் ஒரே வேலையைக் கற்கும் இருவரின் உரிமை வேறுபடலாம். இது நியாயமா என்பது வேறு கேள்வி. ஆனால் பணியில் சேரும் ஒருவர் தாளைப் படிக்காமல் கையெழுத்திடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தியாவில் அதே இளைஞர் இருந்திருந்தால்

அவர் பதிவு செய்யப்பட்ட தொழிற்பழகுநராக, அதாவது ஒப்பந்தப்படி தொழிற்பயிற்சி பெறுபவராக, இருந்தால் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அவருக்குப் பொருந்தும். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு பயிற்சி அளிப்பதை நிறுவனத்தின் கடமையாக்குகிறது. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றத் தவறியது நிறுவனமே என்று ஒப்பந்தம் முடிக்கப்பட்டால் பழகுநருக்கு ஈடு தர வேண்டும் என்று 7-ஆம் பிரிவு கூறுகிறது. தகராறு எழுந்தால் 20-ஆம் பிரிவின்படி தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் செல்லலாம். அவருடைய முடிவில் குறை இருந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதுவரை எல்லாம் சரி.

ஈட்டுத் தொகைக்கு வரும்போதுதான் ஏமாற்றம். 1992-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் விதிகள் இதற்கு நிர்ணயிப்பது, கடைசியாகப் பெற்ற உதவித்தொகைப்படி மூன்று மாதத் தொகை. விட்ஜரி நீதிபதி பிரித்துக் காட்டிய மூன்றில் முதலாவதன் ஒரு துண்டு மட்டுமே இதில் இருக்கிறது. கற்காமல் போன திறனுக்கும், கிடைக்காமல் போன சான்றிதழுக்கும் இந்த விதியில் இடமில்லை. ஒரு பழகுநரின் இரண்டாம் ஆண்டைக் கலைத்துவிட்டு மூன்று மாத உதவித்தொகையோடு முடித்துக்கொள்ளலாம் என்பது பெரிய நிறுவனம் எதற்கும் உறைக்காத தொகை. இந்த விதி திருத்தப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு நேர்வது பழகுநர் சட்டத்துக்கு வெளியே நேர்கிறது. பணியில் இருப்பவரிடம் நிறுவனம் மேற்படிப்புக் கட்டணத்தைத் தருவதாகச் சொல்கிறது, வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொல்கிறது, தேர்வெழுதச் சம்பளத்துடன் விடுப்பு தருவதாகச் சொல்கிறது. பிறகு மேலாளர் மாறுகிறார், அல்லது செலவுக் குறைப்பு வருகிறது. திட்டம் நிறுத்தப்பட்டது என்று இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்து சேர்கிறது.

விவாதத்துக்காக ஒரு சூழலை வைத்துக்கொள்வோம். கோவையில் ஓர் இயந்திர உதிரிபாக நிறுவனம். டிப்ளமோ முடித்த ஊழியர் ஒருவர் பகுதிநேரப் பொறியியல் பட்டப்படிப்பில் சேர விரும்புகிறார். நிறுவனத்தின் கொள்கை ஏட்டில், முன் அனுமதி பெற்றுப் படித்துத் தேர்ச்சி பெறுபவருக்கு ஒவ்வொரு பருவக் கட்டணமும் திருப்பித் தரப்படும் என்று இருக்கிறது. அவர் அனுமதி கேட்கிறார், மனிதவளத் துறை எழுத்தில் அனுமதிக்கிறது. பட்டம் பெற்றால் வடிவமைப்புப் பிரிவுக்கு மாற்றுவோம் என்றும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. மூன்று பருவங்கள் முடிகின்றன, பணம் வருகிறது. நான்காம் பருவத்துக்கு அவர் கட்டணம் கட்டிய பிறகு திட்டம் நிறுத்தப்படுகிறது.

அவர் முதலில் கேட்க நேரும் பதில் இதுவாகத்தான் இருக்கும்: "அது நிறுவனத்தின் நல்லெண்ணம். உரிமையாகக் கேட்க முடியாது." சட்டப்படி இந்தப் பதில் பெரும்பாலும் தவறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, ஒரு முன்மொழிவில் சொன்ன நிபந்தனையை நிறைவேற்றுவதே அதை ஏற்பதாகும் என்கிறது. அனுமதி பெற்றுச் சேர்ந்தால், தேர்ச்சி பெற்றால் தருவோம் என்பது முன்மொழிவு. அவர் அனுமதி பெற்றார், சேர்ந்தார், படித்தார். முன்மொழிவைத் திரும்பப் பெறுவதற்கு 5-ஆம் பிரிவு ஓர் எல்லை வைக்கிறது: ஏற்பு முழுமையாவதற்கு முன்புவரைதான் அது முடியும். கொடுத்த வாக்குக்கு மறுபயன் (வாக்குக்கு ஈடாகக் கிடைப்பது) இல்லை என்ற வாதமும் நிற்பது கடினம். நிறுவனத்தின் விருப்பத்தின் பேரில் ஒருவர் ஏதேனும் செய்தால் அதுவே மறுபயன் என்கிறது 2(ஈ) பிரிவு. தன் ஊழியர் படித்துத் தேற வேண்டும் என்று விரும்பித்தானே நிறுவனம் அந்தக் கொள்கையை எழுதியது?

இந்த வாதத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. பல நிறுவனங்களின் கொள்கை ஏட்டில், இந்தத் திட்டத்தை எந்நேரமும் மாற்றவோ ரத்து செய்யவோ நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு என்று ஒரு வாக்கியம் இருக்கும். அந்த வாக்கியம் இருந்தால், இனி புதிதாகச் சேரப்போகிறவருக்குத் திட்டத்தை மூடிவிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பதை மறுப்பது கடினம். பின்னர் வரும் ஐந்தாம், ஆறாம் பருவங்களைப் பற்றியும் நிறுவனம் வலுவாக வாதிடலாம். ஆனால் தனி அனுமதிக் கடிதம் கொடுத்து, அதை நம்பி ஒருவர் கட்டணம் கட்டிய பிறகு, அந்தப் பருவத்தின் பணத்தையும் தர மாட்டேன் என்று சொல்ல அந்த வாக்கியம் போதாது. பொதுக் கொள்கை ஏடு வேறு, ஒருவரின் பெயருக்கு எழுதிய அனுமதிக் கடிதம் வேறு. இத்தகைய தகராறுகளில் கைக்கு வலுத் தருவது பெரும்பாலும் அந்தக் கடிதம்தான்.

எதைக் கேட்கலாம்

நீதிமன்றம் நிறுவனத்தைப் பார்த்து, இவருக்குப் பயிற்சி கொடு என்று உத்தரவிடும் வாய்ப்பு குறைவு. தொடர்ந்து மேற்பார்வையிட முடியாத கடமைகளையும், தனிப்பட்ட தகுதியைச் சார்ந்த ஒப்பந்தங்களையும் அப்படியே நிறைவேற்றச் சொல்ல முடியாது என்று 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே வழக்கு பணத்தைப் பற்றியதாகவே அமையும்.

கட்டிய கட்டணத்தைக் கேட்பது எளிது. ரசீது இருக்கிறது, வாக்கு இருக்கிறது. இதற்கு மேல் கேட்பதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இரண்டு வாசல்களைத் திறக்கிறது. மீறலால் இயல்பாகவே விளையும் இழப்பு ஒன்று. ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த இழப்பு மற்றொன்று. வெகு தொலைவான, மறைமுகமான இழப்புக்கு ஈடு கிடையாது. நம் சூழலில் வரும் கடிதத்தின் அந்த ஒற்றை வரி இங்கேதான் உயிர்பெறுகிறது. பட்டம் பெற்றால் வடிவமைப்புப் பிரிவுக்கு மாற்றுவோம் என்று நிறுவனமே எழுதியிருப்பதால், படிப்பு நின்றால் எது இழக்கப்படும் என்பது அதற்கு முன்பே தெரியும். ஜார்ஜ் வாலர் வழக்கின் மூன்றாவது இனமான தகுதிநிலை இழப்பை இந்தியாவில் கேட்பதானால் அதற்குரிய வழி 73-ஆம் பிரிவின் இந்த இரண்டாவது வாசல்தான். ஆங்கிலத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதை எடுத்துக்காட்டி வாதிடத் தடையில்லை.

தேர்ச்சி பெற்றிருப்பாரா, மாற்றம் கிடைத்திருக்குமா என்பதெல்லாம் நிச்சயமில்லையே என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்பார். 1911-இல் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. பத்திரிகை வழியே நடந்த ஓர் அழகுப் போட்டி, இறுதிச் சுற்றில் 50 பெண்கள், அவர்களில் 12 பேருக்கு நாடக ஒப்பந்தம். நேர்முகத்துக்கு வர முறையான வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவர் வென்றிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் வாய்ப்பை இழந்ததற்கே மதிப்பு உண்டு என்று, வழக்கை விசாரித்த நடுவர் குழு (ஜூரி) அளித்த 100 பவுண்டை நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்று பருவங்களைத் தேறிக்காட்டிய ஊழியரின் வாய்ப்பு அந்தப் போட்டியாளரின் வாய்ப்பைவிடக் கெட்டியானது.

73-ஆம் பிரிவின் விளக்கம் ஒரு பொறுப்பையும் நம் பக்கம் வைக்கிறது. இழப்பைக் குறைக்க இருந்த வழிகளையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். கல்விக் கடன் வாங்கிப் படிப்பைத் தொடர முடிந்திருந்தால் தொடர்வதே நல்லது. அப்போது கட்டணமும் வட்டியும் தெளிவான இழப்பாக நிற்கும். கோபத்தில் படிப்பை விட்டுவிட்டு முழு எதிர்காலத்துக்கும் ஈடு கேட்பது நீதிமன்றத்தில் எடுபடுவது அரிது.

பிணைப்பத்திரத்தின் மறுபக்கம்

பயிற்சி என்ற சொல் நம் நீதிமன்றங்களில் அதிகம் ஒலித்திருப்பது நிறுவனங்களின் வாயிலிருந்துதான். பயிற்சி கொடுத்தோம், ஊழியர் பிணைப்பத்திரத்தை (இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இல்லையேல் பணம் தருவேன் என்று எழுதிக்கொடுப்பதை) மீறிப் போய்விட்டார், பணம் வேண்டும் என்று அவை தொடுத்த வழக்குகள் ஏராளம். அவற்றை ஊழியரின் கண்கொண்டு படிக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

தோஷ்னிவால் பிரதர்ஸ் நிறுவனத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நிறுவனத்தின் செலவில் சிறப்புப் பயிற்சியோ சலுகையோ பெற்ற ஊழியர் ஒப்பந்தத்தை மீறினால் அந்த மீறலே சட்டப்படியான பாதிப்பு என்று கூறியது. சிக்பா இந்தியா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2011-இல் கணக்கையே போட்டுக் காட்டியது. மூன்று ஆண்டுப் பிணை, 2 லட்சம் ரூபாய் என்பது பத்திரம். பயிற்சிக்கு நிறுவனம் உண்மையில் செலவழித்தது 67,595 ரூபாய். ஊழியர் இரண்டு ஆண்டு வேலை செய்துவிட்டார். எனவே மீதி ஓராண்டுக்கு உரிய மூன்றில் ஒரு பங்கு, 22,532 ரூபாய் மட்டும். பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அதை உச்சவரம்பாக மட்டும் கொண்டு நியாயமான ஈட்டையே வழங்க வேண்டும் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின் கருத்து இதற்குள் இருக்கிறது.

அண்மையில், 2025 மே 14 அன்று, விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. 2007-இல் செலவுக் கணக்காளராக மூத்த மேலாளர் பதவியில் சேர்ந்த அதிகாரி, மூன்று ஆண்டு முடியும் முன்பே 2009 ஜூலையில் விலகி வேறு வங்கிக்குப் போனார். 2 லட்சம் ரூபாயை எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுக் கட்டினார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஜோய்மால்யா பாக்சி அமர்வு அதை மாற்றியது. குறைந்தபட்ச சேவைக் காலம் என்ற நிபந்தனை தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாகாது, பொதுக் கொள்கைக்கும் முரணாகாது என்றது. தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஒரு கருத்து உண்டு. தாராளமயமான சந்தையில் ஊழியர்களின் திறனைப் புதுப்பிப்பதும், அரிதான திறன் கொண்டவர்களைத் தக்கவைப்பதும் பொதுக் கொள்கையின் புதிய கூறுகளாகிவிட்டன என்று நீதிமன்றம் சொன்னது.

இந்த மூன்று தீர்ப்புகளையும் நிறுவனங்களின் வெற்றியாக மட்டும் படிப்பது பிழை. பயிற்சிக்குப் பண மதிப்பு உண்டு, அதை ஆண்டுக் கணக்கில் பிரித்து அளக்கலாம், திறன் வளர்ப்பு பொதுக் கொள்கையின் ஒரு கூறு என்பவையெல்லாம் நீதிமன்றம் ஏற்ற வாதங்கள். ஊழியர் விலகும்போது 67,595 ரூபாய் மதிப்புள்ள பொருளாக இருக்கும் பயிற்சி, நிறுவனம் பின்வாங்கும்போது மட்டும் மதிப்பில்லாத நல்லெண்ணமாக மாறிவிட முடியாது.

பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்தவர்களுக்கு இன்னும் நேரடியான ஆயுதம் ஒன்று இருக்கிறது: ஒப்பந்தச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. இரு தரப்பும் ஒன்றுக்கொன்று வாக்குக் கொடுத்திருக்கும் நிலையில், ஒன்றை நிறைவேற்றாமல் மற்றொன்றைக் கோர முடியாது என்றால், முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாதவர் மற்றவரின் வாக்கைக் கேட்க முடியாது, மாறாக ஈடு கொடுக்க வேண்டும். சட்டம் இதற்குத் தரும் உதாரணம் கல்கத்தாவிலிருந்து மொரீஷியஸ் போக வேண்டிய கப்பல். கப்பலை வாடகைக்குப் பேசியவர் ஏற்ற வேண்டிய சரக்கைக் கொடுக்கவில்லை. எனவே கப்பல்காரர் பயணம் செய்யவில்லை என்று குறைசொல்ல அவருக்கு உரிமை இல்லை. ஆறு மாத ஜெர்மனிப் பயிற்சிக்காக மூன்று ஆண்டுப் பிணை எழுதி வாங்கிய நிறுவனம் ஜெர்மனிக்கு அனுப்பவே இல்லை என்றால், அதன் நிலை சரக்கு கொடுக்காதவரின் நிலைதான். ஆனால் ஒரு நிபந்தனை: பிணைப்பத்திரத்தில் எந்தப் பயிற்சி, எவ்வளவு காலம், எங்கே என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். பயிற்சி அளிக்கப்படும் என்று மொட்டையாக எழுதியிருந்தால், இரண்டு நாள் அறிமுக வகுப்பையே பயிற்சி என்று நிறுவனம் காட்டிவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். திட்டத்தை நிறுத்தும் நிறுவனம், முன்பு கொடுத்த கட்டணத்தையும் சம்பளத்திலிருந்து பிடிக்கத் தொடங்குவது உண்டு. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் பிரிவு, அதில் பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டுமே பிடித்தம் செய்யலாம் என்கிறது. நிறுவனத்துக்கு உண்மையில் பணம் வர வேண்டியிருந்தாலும், தானே நீதிபதியாகிச் சம்பளத்தில் கை வைக்க அதற்கு உரிமை கிடையாது.

அரசு முதலாளியாக இருந்தால்

வாக்குறுதித் தடை என்ற கோட்பாடு இங்கே கைகொடுக்கும். உத்தரப் பிரதேச அரசு, புதிய ஆலைக்கு மூன்று ஆண்டு விற்பனை வரி விலக்கு உண்டு என்று மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலைக்கு வாக்களித்துவிட்டு, ஆலை எழுந்த பிறகு பின்வாங்கியது. 1978 டிசம்பரில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, வாக்கை நம்பித் தன் நிலையை மாற்றிக்கொண்டவரிடம் அரசு பின்வாங்க முடியாது என்றது. இங்கிலாந்தில் இந்தக் கோட்பாடு தற்காப்புக் கேடயமாக மட்டுமே பயன்படும். இந்தியாவில் அதை வைத்தே வழக்குத் தொடுக்கலாம் என்று நிலைநாட்டியது அந்தத் தீர்ப்பு. 2020 டிசம்பரில் பிரம்மபுத்ரா மெட்டாலிக்ஸ் வழக்கில், அரசு தன் கொள்கையால் எழுப்பிய நியாயமான எதிர்பார்ப்பைத் தான்தோன்றித்தனமாக முறிப்பது அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் மேலும் தெளிவாக்கியது.

இரண்டும் தொழிற்சாலைகளின் வரிச் சலுகை பற்றியவை. ஆனால் பொதுத்துறை நிறுவனம் ஒன்று படிப்பு விடுப்பை அனுமதித்து, ஊழியர் சேர்ந்த பிறகு அதை ரத்து செய்தால் இதே தர்க்கத்தை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் முன்வைக்கலாம். மேலான பொதுநலன் காரணமாகப் பின்வாங்கினோம் என்று அரசு நிரூபித்தால் மனு தோற்கும். நிரூபிக்கும் பொறுப்பு அரசினுடையது.

தனியார் நிறுவனத்தில் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில் 40-ஆம் பிரிவாக இருக்கிறது. வழக்கமாகக் கொடுத்துவரும் சலுகையைத் திரும்பப் பெறுவதாக இருந்தால் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆண்டுதோறும் கொடுத்துவந்த கல்வி உதவியை ஒரே இரவில் நிறுத்தினால் இந்தப் பிரிவை எழுப்பலாம். மேலாளர், நிர்வாகப் பதவிகளில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது. அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

பணி நியமனக் கடிதம், அன்றைய தேதியில் இருந்த கொள்கை ஏட்டின் பிரதி, அனுமதிக் கடிதம், கட்டண ரசீதுகள், முன்பு பணம் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம். கொள்கை ஏடு நிறுவனத்தின் இணையதளத்தில் மட்டும் இருந்தால் மாற்றப்படும் முன்பே நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தும் அறிவிப்போடு பழைய பக்கமும் காணாமல் போகக்கூடும். மின்னஞ்சலும் வாட்ஸ்அப் செய்தியும் சான்றாக ஏற்கப்படும். ஆனால் நகலாகத் தாக்கல் செய்யும்போது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் உடன் இருக்க வேண்டும். வாய்மொழியாகக் கிடைத்த வாக்கை, "இன்று நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி அன்றே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவைப்பது பின்னாளில் பெரிய உதவியாக இருக்கும்.

நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும் முதலில் எழுத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். பேசாமல் இருந்தால் புதிய நிபந்தனைக்குச் சம்மதித்ததாக நிறுவனம் வாதிடும். விஜயா வங்கி அதிகாரி இறுதியில் தோற்றார் என்றாலும், எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுத்தான் பணம் கட்டினார், உயர் நீதிமன்றத்தில் வெல்லவும் செய்தார். உடனே ராஜினாமா செய்வது பெரும்பாலும் தவறான முடிவு. பிணைப்பத்திரம் இருந்தால், யார் முதலில் ஒப்பந்தத்தை மீறினார்கள் என்ற கேள்வியை அது குழப்பிவிடும்.

ஒப்பந்த மீறலுக்கான வழக்கை 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 55-ஆம் இனத்தின்படி மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். மீறல் நடந்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும். பருவம்தோறும் தனித்தனியாகப் பணம் தர வேண்டிய திட்டம் என்றால் ஒவ்வொரு மறுப்பும் தனி மீறலாகலாம், ஆனால் அதை நம்பி நாளைக் கடத்துவது நல்லதல்ல. வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தேசிய உதவி எண் 15100.